தழும்பைப் பார்க்காமல் வாங்கிய ஃபீஸ்

விமானப் பணிப்பெண் பயிற்சி நிலையம் அஞ்சலாட்சிக்குத் திருப்பித் தரவேண்டியது முப்பத்தெட்டாயிரத்து ஐந்நூறு ரூபாய். கல்லூரி முடித்த மகள் சுமலதா ஆசைப்பட்டாளே என்று, கனகசெட்டிக்குளத்தில் மீன் விற்றுச் சேர்த்ததை மொத்தமாகக் கட்டியிருந்தாள். மூன்று மாதம் நடக்கவும் சிரிக்கவும் சொல்லிக்கொடுத்துவிட்டு, முன்கையில் அருவாமனை வெட்டிய தழும்பு இருக்கிறது, எந்தக் கம்பெனியும் எடுக்காது என்று அனுப்பிவிட்டார்கள்.

"காசு வாங்குன அன்னிக்கு எம்பொண்ணு கைய ஊட்டுலயா வச்சிட்டு வந்தா?" என்று கேட்டாள் அஞ்சலாட்சி.

"கட்டுன ஃபீஸ் திரும்பாதும்மா" என்று மேலாளர் ஹரிகிருஷ்ணன் ஐந்து தடவை விரட்டினார்.

ஆறாவது தடவை மகளோடு வந்தவள், மீன்கூடையை ஏசி அறையின் நடுவில் இறக்கிவைத்து உட்கார்ந்துவிட்டாள்.

"எடும்மா, நாறுது!"

"வாங்கி பெட்டியில போடும்போது மணந்துச்சா சார்? இதுல வந்த காசுதான் அது. தழும்பு இருக்குன்னு எம்பொண்ண அனுப்பிட்டீங்கல்ல, காசத் திருப்பிக் குடுங்க."

பயிற்சியில் சேர வந்திருந்த பெண்ணொருத்தி சுமலதாவிடம் மெல்லக் கேட்டாள்: "தழும்பிருந்தா எடுக்க மாட்டாங்களாக்கா?"

"எடுக்க மாட்டாங்களாம். அத காசு வாங்குனதுக்கு அப்பறந்தான் சொல்லுவாங்க. நல்லாக் கேட்டுக்க."

இரண்டு பெண்கள் விண்ணப்பத்தை மேசையில் வைத்துவிட்டு எழுந்தார்கள். ஹரிகிருஷ்ணனுக்கு வேர்த்துவிட்டது. முப்பத்தெட்டாயிரத்து ஐந்நூறையும் எண்ணி நீட்டினார். அஞ்சலாட்சி எச்சில் தொட்டு மறுபடி எண்ணினாள். ஒரு ரூபாய் குறையவில்லை.