திங்கட்கிழமைக் கைராசி

எனக்குக் கைராசி உண்டு என்று எங்கள் அலுவலகத்தில் எல்லோரும் நம்பினார்கள். முதலில் நம்பியவன் நான்.

அலுவலகம் டன்லப் ஸ்திரீட்டில், ஒரு மளிகைக் கடைக்கு மேலே. வீட்டில் சமைத்து மதியச் சாப்பாடு அனுப்புகிறவர்களுக்கு நாங்கள் ஆர்டர் பிடித்துத் தருகிறோம். தீவின் கிழக்கே பாசிர் ரிஸ் முதல் கேலாங் வரை சாப்பாடு போகும். ஆர்டர்களை வாங்குவது சர்வரில் பின்னணியில் ஓடும் ஒரு நிரல். ஞாயிறுதோறும் காலையில் சர்வர் தானாக அணைந்து எழும். திங்கள் பதினொன்றரைக்கு, ஆர்டர்கள் குவியும் நேரத்தில், நிரல் படுத்துவிடும். நான் எழுப்புவேன். அடுத்த ஞாயிறு வரை ஓடும்.

இரண்டு வருடம் இப்படியே போயிற்று. ஏன் என்று நான் கேட்கவில்லை. விசைப்பலகையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளத் தொடங்கியிருந்தேன்.

மூன்று மாதங்களுக்கு முன் ஹஸீனா வேலைக்குச் சேர்ந்தாள். திங்கட்கிழமைப் பொறுப்பை அவளிடம் கொடுத்தேன். அவள் எழுப்பினால் பத்து நிமிடத்தில் மறுபடி படுக்கும். பிறகு நான் போய் எழுப்புவேன். ஓடும்.

அந்தத் திங்களும் அதுவே நடந்தது. முதலாளி சிவகாமசுந்தரி என்னை அறைக்குக் கூப்பிட்டார்.

"பசுபதி, வெள்ளிக்கிழமையோட அந்தப் பொண்ணுக்கு ப்ரொபேஷன் முடியுது. வேணாம்னு சொல்லிடலாம்னு பாக்குறேன்."

"நல்லா வேலை செய்யுது மேடம்."

"செய்யுது. ஆனா கை விளங்கலையே. அது தொட்டா படுக்குது. நீங்க தொட்டா ஓடுது."

மறுத்திருக்கலாம். கடைசி வாக்கியம் எனக்குப் பிடித்திருந்தது. வெளியே வந்தேன்.

எங்கள் அலுவலகச் சுவர்கள் பலகை. ஹஸீனா எல்லாவற்றையும் கேட்டிருந்தாள்.

"அண்ணே, நாளைக்கு ஒம்பது மணிக்கு நான் பண்ற மாதிரியே நீங்க ரீஸ்டார்ட் பண்ணுங்க. உங்க பேர்ல லாகின் பண்ணாம, சர்வர் தானா ஓட்டுற சர்வீஸ் வழியா."

"என் வழிக்கு என்ன?"

"உங்க கைதானே ஓட்டுது. எந்த வழியில பண்ணாலும் ஓடணும்ல?"

செவ்வாய் ஒன்பதுக்கு அவள் வழியில் எழுப்பினேன். கண்ணில் ஒற்றிக்கொண்டேன். பதினொன்றரைக்குப் படுத்தது. பதறிப்போய் என் பெயரில் லாகின் செய்து, பழையபடி கையால் ஓடவிட்டேன். ஓடியது.

"அதே கைதான் அண்ணே," என்றாள் ஹஸீனா. "வழிதான் வேற."

நிரல் எழுதிவைக்கும் பதிவை அவள் திறந்தாள். திறந்திருக்கும் கோப்புகள் மிக அதிகம் என்று ஆங்கிலத்தில் நூற்றுக்கணக்கான வரிகள். நான் அதைப் படித்ததே இல்லை. கைராசிக்காரனுக்குப் பதிவு எதற்கு.

ஒரு நிரல் ஒரே நேரத்தில் எத்தனை கோப்புகளைத் திறந்து வைத்திருக்கலாம் என்பதற்கு வரம்பு உண்டு. ஒவ்வோர் ஆர்டரின் இணைப்பும் ஒரு கோப்பாகவே எண்ணப்படும். சர்வீஸ் வழியாக ஓடினால் வரம்பு 1024. நான் கையால் ஓடவிட்டிருந்த நிரலின் வரம்பைப் பார்த்தாள். 65535.

வரம்புகளை எழுதிவைக்கும் கோப்பில் ஒரே ஒரு பெயர் இருந்தது. பசுபதி. நான் லாகின் செய்து ஓடவிட்டால் நிரலுக்கு என் வரம்பு கிடைக்கும். சர்வர் தானாக ஓடவிட்டாலும், ஹஸீனா முறைப்படி ஓடவிட்டாலும் கிடைக்காது. என் பெயருக்கு மேலே ஒரு குறிப்பு: 'தற்காலிகம். நாளை சரிசெய்யவும்.' எழுதியவன் நான். தேதி இரண்டு வருடம் பழையது.

"எந்த நாளைக்கு அண்ணே?"

சர்வீஸின் அமைப்பில் வரம்பை உயர்த்தும் ஒரு வரியை அவள் சேர்த்தாள். முறைப்படி ரீஸ்டார்ட் செய்தாள். வரம்பைப் பார்த்தாள். 65535.

மேடத்துக்கு எழுத வேண்டியவன் நான். 'பழைய வரம்புச் சிக்கல் ஒன்று தீர்க்கப்பட்டது' என்று எழுதினேன். நல்ல வாக்கியம். அதில் ஆட்களே இல்லை. அதை அனுப்பினால் வெள்ளிக்கிழமை ஹஸீனா போய்விடுவாள், என் கைராசி மிஞ்சும். அழித்தேன்.

'தப்பு என்னுடையது. ஹஸீனா செய்தது சரியான முறை. நான் செய்தது குறுக்கு வழி. கண்டுபிடித்ததும் அவள்தான்.' இந்த நான்கு வாக்கியங்களுக்கு முக்கால் மணி நேரம் ஆனது.

வெள்ளிக்கிழமை மேடம் இருவரையும் அழைத்தார்.

"அப்ப இவ்வளவு நாளும் உங்க கை இல்லையா?"

"இல்ல மேடம்."

என் கையைச் சற்று நேரம் பார்த்தார். பிறகு ஹஸீனாவிடம் வேலை உறுதிக் கடிதத்தை நீட்டினார்.

"அடுத்த மாசம் தோ பாயோல புது ஆபீஸ். அங்க சர்வரை நீதான் முதல்ல ஓடவிடணும். நல்ல கை."

"கை இல்ல மேடம். ஒரு வரி."

"அந்த வரிய எழுதுனது எது?"

திங்கள் பதினொன்றரைக்குத் தேக்கா சந்தையில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். போன் மேசை மேல் கிடந்தது. அடிக்கவில்லை. பதினொன்று நாற்பதுக்கு நானே கூப்பிட்டேன்.

"ஓடுதா?"

"ஓடுது அண்ணே."

"நான் வரவா?"

"எதுக்கு? டீ குடிங்க லா."

யோசித்துப் பார்த்தேன். எதற்கென்று எனக்கும் தெரியவில்லை. இன்னொரு டீ சொன்னேன்.