முதல் வருஷ வண்டி

தொழிற்சாலையில் அவருக்கு எல்லோரும் வைத்திருந்த பெயர் 'ஆனா'. எதைக் கேட்டாலும் முதலில் "சரிதான்" என்பார், அடுத்த மூச்சில் "ஆனா..." என்று இழுப்பார். அவர் பார்த்த வேலை அப்படி. துணி துவைக்கும் இயந்திரங்கள் செய்கிற அந்தத் தொழிற்சாலையில் சோதனைக்கூடம் அவர் பொறுப்பு. ஒரு மூலையில் இரும்புக் கை ஒன்று இயந்திரத்தின் கதவைத் திறந்து மூடிக்கொண்டே இருக்கும், கீல் உடையும் வரை. இன்னொரு மூலையில் ஈரத்துணி அடைத்த உருளை சுற்றிக்கொண்டே இருக்கும், பேரிங் கத்தும் வரை. எது முதலில் போகிறது, ஏன் போகிறது என்று சொல்வதற்குத்தான் சம்பளம். பொருட்கள் சாவதையே பார்த்துப் பார்த்து அவருக்கு ஒரு விஷயம் ரத்தத்தில் ஊறிப்போயிருந்தது: புது மாடல் எதுவானாலும், தன் கோளாறுகளையெல்லாம் முதல் வருஷம் வாங்குகிறவன் தலையில்தான் கொட்டும்.

மனைவி நேர் எதிர். டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டச் சொல்லிக்கொடுப்பவள். ஊரில் பாதிப் பேர் அவளிடம் திட்டு வாங்கித்தான் கிளட்சை விடப் பழகியிருந்தார்கள். கடைத்தெருவில் நடந்தால் யாராவது வேகத்தைக் குறைத்து "டீச்சர்!" என்று கையாட்டாமல் போகமாட்டார்கள். வீட்டிலும் ஓட்டுவது அவள்தான். அவரிடம் லைசென்ஸ் இருந்தது, அலமாரியில். பக்கத்து சீட்டில் உட்கார்ந்து சத்தம் கேட்டுக்கொண்டு வருவது அவர் வேலை.

"முன்னாடி ஏதோ கடகடங்குதே?"

"உங்க பல்லுதான். வாயை மூடிட்டு வாங்க."

பழைய கார் ஒரு மழை நாளில் மெயின் ரோட்டில் நின்றது. இழுத்துக்கொண்டு போன மெக்கானிக் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். செலவு பண்ணலாம், ஆனால் பண்ணவேண்டாம் என்றார். அந்த வாரமே இருவரும் ஷோரூமுக்குப் போனார்கள்.

அப்போதுதான் வெளிவந்திருந்த சின்ன கார் அது. மனைவி கதவைத் திறந்து உட்கார்ந்தாள். சீட்டை முன்னே இழுத்தாள், கண்ணாடியைத் திருப்பினாள், இன்ஜின் போடாமலேயே கண்ணை மூடிக்கொண்டு கியரை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தாள். வீட்டில் அவர் அதிகம் பார்த்திராத ஒரு சிரிப்பு அவள் முகத்தில் வந்தது.

"இதான்," என்றாள்.

டெஸ்ட் டிரைவில் விற்பனைக்காரப் பையன் முன்னால் உட்கார, அவர் பின்சீட்டிலிருந்து கேள்விகளைத் தொடங்கினார். இன்ஜினுக்குள் ஓடுவது செயினா பெல்ட்டா? இந்த கியர்பாக்ஸ் வேறு எந்த மாடலில் ஓடியிருக்கிறது? எங்குமே ஓடவில்லையா? அப்படியென்றால் பத்து வருஷம் கழித்து இதன் பாகங்கள் கிடைக்குமா?

"சார், பத்து வருஷம் கழிச்சு நான் எங்க இருப்பேன்னே எனக்குத் தெரியாது," என்றான் பையன்.

மனைவி வாய்விட்டுச் சிரித்தாள். சிரிக்கும்போது அவள் இடது கை கியரிலிருந்து நழுவியது. வண்டி ஒரு குலுங்கு குலுங்கியது. "வேர்வை," என்று உள்ளங்கையை முழங்காலில் துடைத்துக்கொண்டாள். அவர் அதைக் கவனிக்கவில்லை. குலுக்கலைத்தான் கவனித்தார்.

"வண்டி நல்லாத்தான் இருக்கு," என்றார் வீட்டுக்கு வந்ததும். "ஆனா முதல் லாட். ஒரு வருஷம் ரோட்டுல ஓடட்டும். கோளாறெல்லாம் வெளிய வந்துடும். அப்புறம் வாங்கிக்கலாம்."

"அதுவரைக்கும்?"

"பஸ் இருக்கே."

அவள் தட்டை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனாள். அங்கே ஏதோ விழுந்து உடைந்தது. கோபத்தில் போட்டிருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு அடிக்கடி ஏதாவது விழுந்தது. சட்டைப் பொத்தான் போடுவதற்கு அவளுக்கு நேரம் பிடித்தது. மூடியைத் திறந்து தரச் சொல்லி பாட்டிலை அவரிடம் நீட்டினாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் அப்படி எதையும் நீட்டியதில்லை. மருத்துவமனைக்கு அலைந்தார்கள். ஊசி குத்தினார்கள், மின்சாரம் வைத்துப் பார்த்தார்கள். கடைசியில் நரம்பு மருத்துவர் இருவரையும் உட்காரவைத்து, தசைகளை இயக்குகிற நரம்புகள் ஒவ்வொன்றாகச் செத்துக்கொண்டு வருகின்றன என்றார். கையில் தொடங்கியிருக்கிறது. காலுக்கு வரும். பிறகு பேச்சு, விழுங்குவது, மூச்சு.

அவர் தன் வழக்கப்படி கேட்டார். "சராசரியா எவ்வளவு நாள், டாக்டர்?"

"சராசரியை வச்சு இவங்களுக்குச் சொல்ல முடியாது. சிலருக்கு வேகமா போகும், சிலருக்கு மெதுவா போகும்."

"எதைப் பொறுத்து?"

"தெரியலை."

தெரியலை என்று ஒரு நிபுணர் சொல்லி அவர் கேட்டதில்லை. சோதனைக்கூடத்தில் அந்தச் சொல்லுக்கு இடமே கிடையாது.

வெளியே டாக்சிக்காக நின்றபோது மனைவி சொன்னாள்: "ஏங்க, அந்த வண்டியை இப்பவே வாங்கிடலாம்."

"இப்பவா?"

"கை இருக்கும்போதே ஓட்டிக்கறேன். ஸ்கூல் வண்டியில எவளோ ஒருத்தி ஸ்டீயரிங்கைப் பிடிச்சுக்கிட்டு அழுவா, நான் பக்கத்துல உக்காந்திருப்பேன். எனக்குன்னு ஒரு வண்டி. நாம எங்கயாவது போகலாம். மலைப்பக்கம் போகலாம்."

அவர் மனம் வேறு எங்கோ கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது. "சரிதான். ஆனா அது சின்ன வண்டி. நாளைக்கு சக்கர நாற்காலி ஏத்தணும்னா டிக்கி பத்தாது. கதவு அகலமா இருக்கணும். வாங்கறதை ஒரே தடவையா, நீடிச்சு உழைக்கற மாதிரி..."

"நான் இன்னும் நடந்துட்டுதான் இருக்கேன்," என்றாள் அவள். டாக்சி வந்தது. வழியெல்லாம் ஜன்னல் பக்கம் திரும்பியே உட்கார்ந்திருந்தாள்.

அன்றிலிருந்து அவர் கார்களைப் படிக்கத் தொடங்கினார். வேறு எதையும் படிக்க முடியவில்லை. அவள் நோயைப் பற்றி ஒரு பக்கம் திறந்தால் அடுத்த வரியிலேயே மூடிவைத்தார். கார் பற்றி எத்தனை பக்கம் திறந்தாலும் விடை இருந்தது. சூப்பர் மார்க்கெட் வாசலில் அந்த மாடல் நின்றால் சொந்தக்காரர் வரும்வரை காத்திருப்பார். "எப்படி ஓடுது? மேட்டுல ஏறுமா? குளிர்ல ஸ்டார்ட் ஆகுதா?" சிலர் ஆர்வமாகப் பேசினார்கள். ஒரு பெண், போலீஸைக் கூப்பிடட்டுமா என்று கேட்டாள்.

வெளியூரில் வேலை பார்க்கும் மகள் போனில் சொன்னாள்: "அப்பா, எந்த வண்டியா இருந்தா என்ன? அம்மா கேட்டதை வாங்கிக் கொடுங்க."

"வாங்கத்தாம்மா போறேன். ஆனா தப்பான வண்டியை வாங்கி, நடு ரோட்டுல நின்னு, அம்மாவை வச்சுக்கிட்டு நான் என்ன பண்ணுவேன்? அதை யோசிச்சியா?"

அந்தப் பயம் உண்மையானது என்று மகளுக்கும் தெரிந்திருந்தது.

கோடை போயிற்று. ஒரு நாள் காலை அவர் கையில் போனோடு படுக்கையறைக்கு ஓடிவந்தார். அந்தக் காரின் முதல் லாட்டில் கியர்பாக்ஸ் கோளாறு. கம்பெனியே வண்டிகளைத் திரும்ப அழைக்கிறது. "பாத்தியா! நான் சொன்னேனா இல்லையா? நல்லவேளை, அன்னைக்கு வாங்கியிருந்தா மாட்டியிருப்போம்!"

அவள் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து செருப்புக்குள் இடது காலை நுழைக்கப் பார்த்துக்கொண்டிருந்தாள். கால் செருப்பைத் தள்ளிக்கொண்டே போனது. நிமிர்ந்து பார்க்கவில்லை. "சந்தோஷம்," என்றாள்.

டிரைவிங் ஸ்கூலை அவள் விடவில்லை. கை லேசாகத் தளர்ந்திருக்கிறது என்று மட்டும் முதலாளியிடம் சொல்லியிருந்தாள். பயிற்சி வண்டியில் ஆசிரியர் பக்கமும் ஒரு பிரேக் உண்டு. அதற்குக் கால்தானே வேண்டும் என்பது அவள் கணக்கு.

இலை உதிரத் தொடங்கிய ஒரு மாலையில் அவள் வழக்கத்தைவிட முன்னதாகவே வீட்டுக்கு வந்தாள். யாரோ கொண்டுவந்து விட்டிருந்தார்கள். சட்டையில் ரத்தம் இருந்தது. அவர் பதறி எழுந்தார்.

"என்னுது இல்ல," என்றாள்.

கல்லூரியில் படிக்கிற பெண். டிரைவிங்கில் அவளுக்கு அது மூன்றாவது வகுப்போ நான்காவதோ. ஓரமாக நின்றிருந்த லாரியைப் பார்த்ததும் பயத்தில் பிரேக்குக்குப் பதில் ஆக்சிலரேட்டரை மிதித்துவிட்டாள். ஒவ்வொரு மாணவரும் ஒரு முறையாவது செய்கிற தப்புதான். அதற்காகத்தான் இன்னொரு பிரேக்.

"நான் மிதிச்சேங்க," என்றாள் மனைவி. "மிதின்னு காலுக்குச் சொன்னேன். எனக்கு நல்லாத் தெரியும், நான் சொன்னேன். அது போகலை. கீழ பாக்கறேன், அது அங்கயே கிடக்கு, யாரோட காலோ மாதிரி." குரல் நடுங்கவில்லை. "அந்தப் பொண்ணுக்கு முன்பல்லு போச்சு. உதடு கிழிஞ்சு தொங்குது. அவங்கம்மா வந்து எங்கிட்ட ஸாரி சொல்றாங்க. பொண்ணு சரியா ஓட்டலையாம்."

அவர் ஈரத்துணி எடுத்துவந்து அவள் கையைத் துடைத்தார். விரல்கள் அவர் வைத்த இடத்திலேயே கிடந்தன.

"இனிமே நீ வேலைக்குப் போகவேணாம்."

"ஸ்கூல்ல அவங்களே சொல்லிட்டாங்க."

"நாளைக்கே போய் வண்டியை எடுத்துடலாம். புது லாட் வந்திருக்கு. கியர்பாக்ஸை மாத்திட்டாங்களாம், இப்ப ஒரு..."

"வேணாம்."

"ஏன்?"

அவள் அவரை நேராகப் பார்த்தாள். பிறகு மெதுவாக, பாடம் சொல்லிக்கொடுக்கிற குரலில் சொன்னாள்: "எனக்கு ஒரு வருஷம் இருந்துச்சு. ஓட்டறதுக்கு. அதை நீங்க எடுத்துக்கிட்டீங்க."

அவர் வாயைத் திறந்தார். கியர்பாக்ஸ் பழுதாகத்தானே இருந்தது? சொன்னது சரிதானே? உலகத்தில் யாரிடம் வேண்டுமானாலும் அதை வாதாடி ஜெயித்திருக்கலாம்.

"கெட்டுப்போற வண்டியா இருந்தா இருந்துட்டுப் போகுது," என்றாள் அவள். "நானும் கெட்டுப்போறவதானே. ரெண்டு பேரும் ரோட்டோரமா நின்னிருப்போம்."

அவர் துணியை வாளியில் போட்டுவிட்டுக் குளியலறையில் போய் நின்றார். குழாயைத் திறந்துவிட்டார், சத்தம் கேட்காமல் இருக்க.

மறுநாள் அவளிடம் சொல்லாமல் ஷோரூமுக்குப் போனார். அதே பையன். கேள்விகளுக்குத் தயாராக ஒரு நோட்டீஸோடு வந்தான். அவர் எதுவும் கேட்கவில்லை. கையால் கியர் போடவேண்டாத, தானாக மாறுகிற வகையை மட்டும் காட்டிக் கையெழுத்துப் போட்டார். நிறம் என்ன வேண்டும் என்று பையன் கேட்டபோதுதான், அவளுக்கு எந்த நிறம் பிடித்திருந்தது என்று தனக்குத் தெரியாது என்பது உறைத்தது.

வண்டி வந்து வாசலில் நின்றது. அவள் ஜன்னல் வழியே பார்த்தாள், திரையை விட்டுவிட்டாள். பல நாள் அது வெயிலிலும் பனியிலும் அப்படியே நின்றது. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, காபியை அவர் கரண்டியால் புகட்டிக்கொண்டிருக்கும்போது, "கூட்டிட்டுப் போங்க. ஆளில்லாத இடமா," என்றாள்.

தொழிற்சாலைக்குப் பின்னால் லாரிகள் திரும்புகிற பெரிய காலியிடம் இருந்தது. விடுமுறை, ஒருவரும் இல்லை. அவர் ஊர்ந்து ஊர்ந்து அங்கே ஓட்டிவந்து நிறுத்தியதும், "அந்தப் பக்கம் உக்கார வைங்க," என்றாள். அவர் 'ஆனா' என்று சொல்லவில்லை. அவளைத் தூக்கி ஸ்டீயரிங் முன்னால் வைத்தார். தூக்கும்போது எவ்வளவு லேசாகிவிட்டாள் என்று கை சொன்னது. வலது கையை எடுத்து ஸ்டீயரிங்கில் வைத்தார். வலது கால் இன்னும் கொஞ்சம் சொன்னபடி கேட்டது. அவர் பக்கத்தில் உட்கார்ந்து ஹேண்ட் பிரேக்கைப் பிடித்துக்கொண்டார்.

வண்டி நகர்ந்தது. நேராக, நடை வேகத்தில். அவள் முதுகு நிமிர்ந்தது. கண் கண்ணாடிக்குப் போய் ரோட்டுக்குத் திரும்பியது, வழக்கம்போல. கோடியில் சுவர் வந்தது. திருப்பவேண்டிய இடம். அவள் தோள் முழுவதும் முயன்றது. ஸ்டீயரிங் ஒரு விரற்கடைகூட நகரவில்லை. சுவர் நெருங்கியது. அவள் அவரைப் பார்க்கவில்லை, பிடியுங்கள் என்று சொல்லவுமில்லை. அவர் ஹேண்ட் பிரேக்கை இழுத்தார். வண்டி நின்றது.



"போதும்," என்றாள். "நீங்க ஓட்டுங்க."

இடம் மாற்றி உட்காரவைத்தார். அவர் வண்டியை எடுத்தபோது அது துள்ளியது. "குதிரையா ஓட்டறீங்க? மெல்ல. கண்ணாடியைப் பாருங்க. பாத்தாப் போதாது, என்ன தெரியுதுன்னு சொல்லுங்க."

"சுவர்."

"நல்லது. அதை இடிக்காம போங்க."

அந்தக் குளிர்காலம் முழுக்க அவள் அவருக்கு வண்டி ஓட்டச் சொல்லிக்கொடுத்தாள். மலைப்பக்கம் ஒரு தடவை போனார்கள்; பாதி வழியில் அவளுக்கு மூச்சு சிரமமாகித் திரும்பிவிட்டார்கள். நாக்கு தடித்தது. திட்டுகள் சிறிதாகின. பிறகு ஒரு விதமான சத்தம் 'பிரேக்', இன்னொரு விதமான சத்தம் 'முட்டாளே' என்று அவருக்கு மட்டும் புரிந்தது. பிறகு சத்தமும் இல்லை. அவள் அந்த வருஷத்தைப் பற்றி மறுபடி பேசவில்லை. மன்னித்தாளா என்று அவர் கேட்கவுமில்லை. கேட்டால் உண்மையைச் சொல்லிவிடுவாள் என்ற பயம்.

கோடையின் தொடக்கத்தில், மருத்துவமனையில், ஒரு நண்பகலில் அவள் போய்விட்டாள். மகள் ஒரு பக்கம் இருந்தாள், அவர் ஒரு பக்கம். நர்ஸ் வந்து குழாய்களைக் கழற்றினாள். வீட்டுக்குப் போய் அவளுக்கு உடுத்த உடை எடுத்து வரவேண்டும் என்று சொன்னார்கள்.

"நான் ஓட்டறேன்பா, நீங்க வாங்க," என்றாள் மகள். ஓட்ட அவளுக்கு அம்மாதான் சொல்லிக்கொடுத்திருந்தாள்.

அவர் சாவியை அவள் கையில் வைத்தார். "நீ போயிட்டு வா. நான் இங்கயே இருக்கேன்."

"ரொம்ப நேரம் ஆகும்பா."

"ஆகட்டும்."

மகள் போன பிறகு ஸ்டூலைக் கட்டிலுக்கு அருகே இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அவள் கை போர்வைக்கு வெளியே கிடந்தது. அதை எடுத்துத் தன் இரண்டு கைகளுக்குள் வைத்துக்கொண்டார். இன்னும் முழுதாகக் குளிரவில்லை.