ஒண்டிக்கட்டை

மாலை ஆறு மணிக்கு மேல் எங்கள் நகரின் மையத்தில் ஈ காக்கை இருக்காது. வங்கிகளும் கடைகளும் ஷட்டரை இறக்கிவிட்டால் காவலாளிகள்தான் மிச்சம். நடுத்தர வருமானக்காரர்களை அங்கேயே குடியமர்த்தினால் தெருக்களுக்கு உயிர் வரும் என்று நகராட்சி முடிவெடுத்தது. பழைய வாகன நிறுத்துமிடத்தில் எட்டு மாடிகள். அதற்கான விதிகளை எழுதும் வேலை என்னிடம் வந்தது. பதினெட்டு வருடமாகத் திட்டப் பிரிவில் நான் வரைவு எழுத்தர்.

அக்கா வேலை பார்க்கும் மூக்குக்கண்ணாடிக் கடை அந்த மனைக்கு எதிரே இருந்தது. ஃபிரேமுக்கு ஏற்றபடி லென்ஸின் ஓரத்தைத் தேய்ப்பது அவள் வேலை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. எங்கள் வீட்டு ஹாலில்தான் படுக்கை. காலையில் மடக்குக் கட்டிலை அலமாரிக்குப் பின்னால் செருகிவிட்டு, இரண்டு பஸ் மாறிப் போவாள். சாப்பிடும்போது கட்டட நிலவரம் சொல்வாள். நாலாவது மாடிக்குத் தளம் போட்டாயிற்று, ஜன்னல் சட்டங்கள் வந்து இறங்கிவிட்டன என்று. தம்பி எழுதிய திட்டம் என்ற பெருமை போலும் என்று இருந்துவிட்டேன்.

விதிகளுக்கான கடைசிக் கூட்டம் சாப்பாட்டு நேரத்தைத் தாண்டி இழுத்தது. மாடிக்கு இரண்டு ஒற்றையறை வீடுகள் வரைபடத்தில் இருந்தன. அவற்றை எடுத்துவிட்டால் இன்னும் சில பெரிய வீடுகள் கிடைக்கும். தனியாக இருப்பவர்கள் வந்து கேட்டால் என்ன பதில் சொல்வது என்று அதிகாரி யோசித்தார். எனக்குப் பசி.

"ஒண்டிக்கட்டைங்கதானே சார், எங்கயாவது ஒண்டிக்குவாங்க."

எல்லோரும் சிரித்தார்கள். அதிகாரி மேஜையைத் தட்டியே சிரித்தார். ஒரு நிமிடத்தில் விதியை எழுதி முடித்தேன்: 'வீடு குடும்பங்களுக்கு மட்டுமே; குடும்பம் என்பது கணவன், மனைவி, பிள்ளைகள் ஆகியோரைக் குறிக்கும் எனக் கொள்க.' அந்த நேரத்தில் அக்கா என் நினைவுக்கே வரவில்லை. மன்னிப்புக் கேட்பதற்காக இதைச் சொல்லவில்லை. நான் செய்த குற்றமே அதுதான்.

கட்டடம் ஆறாவது மாடியை எட்டியபோது, ஒரு சனிக்கிழமை மதியம், அக்கா பெயருக்கு நகராட்சிக் கடிதம் வந்தது. எங்களிடம் சொல்லாமல் விண்ணப்பித்திருக்கிறாள். ஐந்தாவது மாடி, தெருவைப் பார்த்த ஜன்னல் வேண்டும் என்றுகூட எழுதியிருக்கிறாள். மறுத்துவிட்டார்கள். காரணமாக என் வாக்கியம் முழுதாக அச்சாகியிருந்தது.

ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே அண்ணி என்று என் மனைவி குறைபட்டுக்கொண்டாள்.

"உங்க பொண்ணு வளர்ந்துட்டா. நான் போயிட்டா ஹால்ல அவளுக்கு ஒரு மேஜை போடலாம்னுதான்" என்றாள் அக்கா. பிறகு கடிதத்தை என் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். "கொள்கன்னு முடியுதே. இது நீ எழுதினதா?"

வீட்டில் அது பழைய கேலி. டீயில் சர்க்கரை இல்லை எனக் கொள்க என்று என் மகள்கூட என்னைப் போலப் பேசிக் காட்டுவாள். அன்று யாரும் சிரிக்கவில்லை. ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.

"கட்டடத்து வேலியில இருக்கற போர்டுல ஒத்த ரூம் வீடு வரைஞ்சிருக்காங்களே. அதெல்லாம் எங்க போச்சு?"

அந்தப் போர்டை மாற்ற எல்லோரும் மறந்திருந்தோம். திங்கட்கிழமை அதிகாரியிடம் பேசிப் பார்க்கிறேன் என்றேன். அது பொய் என்று எனக்குத் தெரியும். அவளுக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

"விடுடா. இத்தன வருஷம் ஒண்டினவதானே. இன்னும் கொஞ்ச நாள் எங்கயாவது ஒண்டிக்கறேன்."

கூட்டத்தில் நடந்ததை அவளிடம் யாரும் சொல்லியிருக்க வழியில்லை. என் தட்டையும் சேர்த்து எடுத்துக்கொண்டு எழுந்து போனாள்.

அதன் பிறகு சாப்பிடும்போது அவள் கட்டடத்தைப் பற்றிப் பேசுவதில்லை. எட்டாவது மாடிக்குத் தளம் போட்டதை நான் அலுவலகக் கோப்பில்தான் படித்துத் தெரிந்துகொண்டேன்.