கேட்டது என்று சொன்னவர்

பென்ஷன் ஆபீஸின் இரும்பு பெஞ்சில் அவள் கணவனுக்கு வலப்பக்கமாக உட்கார்ந்திருந்தாள். அந்தப் பக்கத்துக் காதில்தான் இன்னும் கொஞ்சம் உயிர் இருந்தது. தையல் கம்பெனியில் அரை நாள் லீவு கேட்டு, சூப்பர்வைசரிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டு வந்திருந்தாள். அவரோ பழைய பட்டாளத்துச் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு, போட்டோ எடுக்க உட்கார்ந்தவர் மாதிரி விறைப்பாக இருந்தார்.

பீரங்கிக்குப் பக்கத்திலேயே நின்று காலத்தை ஓட்டியவர். லீவில் வந்தால் டிவியை அலறவிடுவார். "பொண்டாட்டி சொன்னா மட்டும் கேக்காத காது" என்று அக்கம்பக்கத்தில் சொல்லிச் சொல்லி அவள் சிரித்திருக்கிறாள். அப்போதே டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போயிருக்கலாம். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போது தன் வாயிலேயே போட்டுக்கொள்ளலாம் போலிருந்தது.

காது மந்தமானதை அவர் பட்டாளத்தில் யாரிடமும் மூச்சு விடவில்லை. அதிகாரியின் கை ஏறி இறங்குவதைப் பார்த்தே சுட்டுப் பழகியிருந்தார். ஒரு பயிற்சியின்போது பாழாய்ப்போன புழுதி கிளம்பியது. நிறுத்தச் சொல்லி அதிகாரி கத்தியது காதில் விழவில்லை, கையும் தெரியவில்லை. இன்னொரு குண்டு போய்விட்டது. நல்லவேளை, ஆள் யாரும் சாகவில்லை. ஒரு வண்டிதான் எரிந்தது. உத்தரவு கேட்டதா என்று விசாரணையில் கேட்டதற்கு, "கேட்டுச்சு சார்" என்றிருக்கிறார். கேட்டும் மீறியவர் என்று, ஒழுங்கீனத்துக்காக வெளியே அனுப்பிவிட்டார்கள்.

"கேக்கலைன்னு சொல்லித் தொலைச்சிருந்தா என்னங்க?" நூறு தடவை கேட்டதை அவள் மறுபடியும் அவர் காதோரம் கேட்டாள்.

"காது போச்சுன்னு தெரிஞ்சா பீரங்கியத் தொட விடுவாங்களா? சமையல்கட்டுக்கு அனுப்பிருவாங்க. எங்க ஆளுங்க எவனும் அத வாய்விட்டுச் சொல்ல மாட்டான். ஏதோ தண்டனை குடுத்துட்டு விட்ருவாங்கன்னு நெனச்சேன்."

பட்டாளத்துக்குப் பிறகு ஒரு குடோனில் காவல் வேலை கிடைத்தது. லாரிக்காரன் ஹாரன் அடித்து ஓய்ந்தும் கதவைத் திறக்கவில்லை என்று போன மாதம் அதுவும் போயிற்று. ஊனப் பென்ஷன் வந்தால் காது மெஷின் வாங்கலாம். மெஷின் இருந்தால் எங்கேயாவது வேலைக்குப் போகலாம்.

ஜன்னலில் கூப்பிட்டார்கள். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த அதிகாரி நல்ல மாதிரியாகத்தான் பேசினார்.

"காது போனது சர்வீஸ்லதாம்மா, டாக்டரே சொல்லிட்டார். ஆனா ஒழுங்கீனத்துல அனுப்புனவங்களுக்கு ஊனப் பென்ஷன் கிடையாது."

"காது கேக்காததாலதானே சார் அந்தத் தப்பே நடந்துச்சு?"

"கேட்டுச்சுன்னு அவரே சொல்லியிருக்காரேம்மா. நான் என்ன பண்றது?"

"என்ன சொல்றார்?" என்றார் கணவர்.

அவள் அவர் கையைப் பிடித்து இழுத்தாள். "வாங்க, வீட்ல போய்ச் சொல்றேன்."

அவர் நகரவில்லை. கண்ணாடியில் நெற்றி படக் குனிந்தார்.

"எனக்குக் காது கேக்காது சார். கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க."

முன்பின் தெரியாத ஒரு மனிதரிடம் அவர் அப்படிச் சொல்லி அவள் கேட்டதே இல்லை. அதிகாரி தயங்கி எழுந்தார்.

"ஒழுங்கீனம்! பென்ஷன் இல்ல!"

பெஞ்சில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவர் காதுக்குப் பின்னால் கையைக் குவித்து, இன்னும் நெருங்கி நின்றார். அதிகாரி தொண்டையைச் செருமிக்கொண்டு முன்னைவிட உரக்கக் கத்தினார்.