பல் டாக்டரின் பத்தடித் திரை

அந்தத் தையல்காரியை ஊரே ‘அங்குலக்கா’ என்றுதான் கூப்பிடும். சென்டிமீட்டர் என்றாலே அவளுக்கு வேப்பங்காய். அளவு நாடாவில் அது அச்சடித்திருக்கும் பக்கத்தை அவள் திருப்பிக்கூடப் பார்த்ததில்லை.

புதிதாக வந்த பல் டாக்டர் போனில் ஜன்னல் திரைக்கு அளவு சொன்னார்: “அகலம் எண்பத்தி நாலு, உயரம் நூத்தி இருபது.” அங்குலக்கா எழுதிக்கொண்டாள். ஏழடி அகலம், பத்தடி உயரம்.

“ஏங்க, பல் டாக்டருக்கு எதுக்குங்க இவ்ளோ பெரிய ஜன்னல்?”

பஸ் ஓட்டும் கணவர் டீயை உறிஞ்சியபடியே சொன்னார். “யானைக்குப் பல்லு புடுங்குவாரா இருக்கும். நீ தை.”

கொசுவத்துக்கு இரட்டைத் துணி பிடித்து, நான்கு நாள் இடுப்பொடியத் தைத்தாள். புருஷனும் பெண்டாட்டியும் மெத்தை தூக்குவதுபோல் அதைத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

ரயில் பெட்டி மாதிரி ஒடுங்கி நீண்ட அறை. ஒரு கோடியில் பல் பிடுங்கும் நாற்காலி, மறுகோடியில் நோயாளிகள் உட்காரும் பெஞ்சு. அங்குலக்கா ஜன்னலைத் தேடினாள். அவள் மார்பளவு உயரத்தில், இரண்டு முழ அகலம்கூட இல்லாமல் சிரித்துக்கொண்டிருந்தது அது.

“என்னம்மா இது, கல்யாணப் பந்தலா?” டாக்டர் வாய் பிளந்தார். “நான் சென்டிமீட்டர்ல சொன்னேன்!”

“அத வாயத் திறந்து சொல்ல வேணாமா டாக்டர்? தையக்கடையில அளவுன்னா அங்குலம்தான்!”

டாக்டர் கால்குலேட்டரைத் தட்டினார். “ரெண்டு புள்ளி அஞ்சு நாலால வகுத்தா முப்பத்தி மூணு அங்குலம். உயரம் நாப்பத்தி ஏழு. அவ்ளோதான்மா!”

அங்குலக்காவுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. பிடுங்குகிறவர் எதிரிலேயே இடுக்கியோடு நின்றார். பெஞ்சில் கன்னம் வீங்கி உட்கார்ந்திருந்த ஆட்டோக்காரர் அந்த இடுக்கியையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு பூனைபோல நழுவினார்.

“இன்னைக்கு மூணாவது ஆளு,” என்று டாக்டர் நொந்துகொண்டார். “நாற்காலியப் பாத்தாலே ஓடுறாங்க.”

அங்குலக்கா அறையின் குறுக்கே நாடாவைப் பிடித்தாள். ஏழடி, நூல் பிசகவில்லை. கூரையை அண்ணாந்து பார்த்தாள்.

“ஏங்க, அந்த ஸ்டூல்ல ஏறுங்க.”

சுவருக்குச் சுவர் கம்பி கட்டித் திரையை மாட்டினார் கணவர். தரையைத் தொட்டும் தொடாமலும் நின்றது. நாற்காலி, இடுக்கி, டாக்டர் எல்லாம் மறைந்துபோயின. வாசலில் எட்டிப் பார்த்த ஆட்டோக்காரர், எதுவும் கண்ணில் படாத தைரியத்தில் திரும்பி வந்து உட்கார்ந்தார்.

சற்று நேரத்தில் திரைக்குப் பின்னாலிருந்து, “ஐயோ, அம்மா!” என்று ஆட்டோக்காரரின் குரல் கேட்டது. பெஞ்சில் புதிதாக வந்திருந்த ஒருவர் எழுந்து நின்றார்.

டாக்டர் தலையை மட்டும் வெளியே நீட்டினார். “ஏம்மா, சத்தத்த மறைக்கிற துணி ஏதாவது இருக்கா?”

“தேடிப் பாக்குறேன் டாக்டர். ஆனா அளவ மட்டும் நானே வந்து எடுத்துக்கறேன்,” என்றாள் அங்குலக்கா.