மாதா கோவில் தெருவின் சாய்வு

மரிய அருள் பேஸ் கிட்டாரைத் தோளில் மாட்டி வாசிக்கத் தொடங்கினால், கடலூர் முதுநகரில் மாதா கோவில் தெரு துறைமுகப் பக்கமாகச் சாயும். அதிகமில்லை, ஒரு சாண். அந்தக் கிட்டாருக்குக் கழுத்து கனம், உடம்பு லேசு. இடது கையை எடுத்தால் கழுத்து தரையைப் பார்த்து இறங்கும். அது இறங்க இறங்கத் தெருவும் இறங்கும். ஞாயிறு எட்டு மணிப் பூசையில் முதல் பாட்டு எழும்போதே நாற்பத்திரண்டு வீடுகளிலும் தட்டில் ஊற்றிய சாம்பார் ஓரமாக ஒதுங்கும். பீடத்து மெழுகுவர்த்திகள் ஒரு பக்கமாகவே உருகின. பங்குச்சாமியார் ஒரு காலை முன்னால் அழுத்தி ஊன்றிக்கொண்டு பூசை வைக்கப் பழகியிருந்தார். இப்படிப் பதினோரு வருடம் போனது.

மரிய அருளுக்குக் குடிகாட்டு ஆலை ஒன்றில் அழுத்தமானிகளின் முள்ளைப் பார்த்துக்கொண்டிருக்கும் வேலை. முள் நடுங்கினால் அவன் நெஞ்சும் நடுங்கும். வீட்டுக்கு வந்தாலும் அந்த நடுக்கம் இடது காலில் தங்கிவிடும். நின்றபடியே சாப்பிடுவான். பூட்டிய கதவை இரண்டு முறை போய் இழுத்துப் பார்ப்பான். கிட்டாரை மாட்டும்போது மட்டும் அந்தக் கால் அடங்கும். அந்த ஒரு மணி நேரத்தை நம்பித்தான் வாரத்தின் மற்ற பொழுதையெல்லாம் தள்ளிக்கொண்டிருந்தான்.

அந்தத் தவக்காலத்தில் ஒரு ஞாயிறு, பாடற்குழுவின் கீபோர்டு ஸ்டாண்டு சறுக்கி ஒரு சிறுமியின் கால்விரலை நசுக்கிவிட்டது. யாரும் அவனை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவனே சாமியாரிடம் போய், ஈஸ்டருக்குள் கிட்டார் நேராக நிற்காவிட்டால் இனி அதைத் தொடுவதில்லை என்று சொல்லிவிட்டு வந்தான்.

அவன் மனைவி ஆரோக்கிய அனிதா, “இத்தையும் விட்டுட்டீங்கன்னா ஒங்கள கட்டிப்போட்டுதான் நான் சோறு போடணும்” என்றாள்.

விசைப்படகில் போகும் அவள் தம்பி டேனி வழி சொன்னான். “வலைக்கு ஈயம் கட்டாம கடல்ல போடுவமா மாமா? வால் பக்கம் ஈயத்த கட்டுங்க, நின்னுடும்.” மூன்று பிடி ஈயக்குண்டைத் துணியில் முடிந்து வால் பக்கம் கட்டினார்கள். குருத்து ஞாயிறன்று கழுத்து வானத்தைப் பார்த்தது. தெரு ரயிலடிப் பக்கமாகச் சாய்ந்து, சாக்கடை வந்த வழியே திரும்பி ஓடியது. “ரெண்டு பிடி போதும்னு அப்பவே சொன்னன்” என்றான் டேனி. அவன் அப்படிச் சொல்லவேயில்லை.

ஆலையில் கூட வேலை செய்யும் புவனகிரி இளவரசு, சிதம்பரம் கீழ வீதிப் பக்கம் பை தைக்கும் செல்லாயியைப் பார்க்கச் சொன்னான். திருவிழாவில் சாமி தூக்குகிறவர்களின் தோளுக்கு மெத்தை தைத்துக் கொடுப்பவள் அவள். பெரிய சனிக்கிழமை பஸ்ஸில் இடம் காலியாக இருந்தும் மரிய அருள் சிதம்பரம் வரை நின்றுகொண்டே போனான்.

செல்லாயி கிட்டாரை மாட்டிக் காட்டச் சொன்னாள். மாட்டியதும் கடை சாய்ந்தது, நூல்கண்டுகள் உருண்டன. வாசலுக்கு ஓடும் கோழிக்குஞ்சை மறிப்பதுபோல் காலை நீட்டி அவற்றை மறித்தாள். “நைலான் பட்ட, சட்ட மேல வழுக்கிக்கிட்டு ஓடுது. பட்டய மாட்டுற ஆணியும் தப்பான எடத்துல கெடக்கு” என்றாள். கிட்டார் உடம்பில் கழுத்தருகே கொம்புபோல் நீண்டிருந்த மேல்முனையில் புதிதாக ஓர் ஆணி முடுக்கினாள், பழையதைப் பிடுங்கவில்லை. நாலு விரல் அகலத் தோலை எடுத்து, சொரசொரப்பு உள்பக்கம் வர வார் தைத்தாள். “ஈயத்த அவுத்துப் போடு தம்பி. தோளு பிடிச்சிக்கிட்டா கனம் தெரியாது.” அவன் இரண்டு கைகளையும் எடுத்துப் பார்த்தான். கிட்டார் நின்றது. நூல்கண்டுகளும் நின்ற இடத்தில் நின்றன.

ஈஸ்டர் பூசையில் மெழுகுவர்த்திச் சுடர்கள் நேராக எரிந்தன. பூசை முடிந்து கிட்டாரோடு வெளியே வந்தவன், வீட்டுக்கு வீடு வாசலில் உடைந்த செங்கல் கிடப்பதைக் கண்டான். கட்டிலுக்கும் அடுப்புக்கும் பீரோவுக்கும் இத்தனை வருடம் முட்டுக் கொடுத்தவை, தெரு நேரானதும் உருவி எறிந்திருந்தார்கள். அவன் வாசிக்கட்டும் என்று, அவனிடம் சொல்லாமலே முட்டுக் கொடுத்திருக்கிறார்கள். வாசல் வாசலாக எண்ணிக்கொண்டே நடந்தான். நாற்பத்தொரு வாசலில் செங்கல் இருந்தது. காது கேளாத சவரிமேரியின் வாசலில் மட்டும் இல்லை.

உள்ளே அவள் தரையில் ஓர் எலுமிச்சம்பழத்தை வைத்துவிட்டு அதையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

“இன்னிக்கி பூச இல்லியாப்பா?” என்று உரக்கக் கேட்டாள். “பழம் உருளவேயில்ல. அது ஓடுனாதான பாட்டு ஆரம்பிச்சிட்டாங்கன்னு நான் சிலுவ போட்டுக்குவேன்.”

அவன் இடது கால் மறுபடி ஆடத் தொடங்கியது. நின்ற இடத்திலேயே தோல் வாரைக் கழற்றினான். பையிலிருந்து பழைய நைலான் பட்டையை எடுத்துப் பழைய ஆணியில் மாட்டி, முதல் பாட்டை வாசித்தான். கழுத்து இறங்கியது. பழம் மெல்ல அசைந்து, வாசற்படிவரை உருண்டு போனது. சவரிமேரி சிலுவை போட்டுக்கொண்டு உதடசைத்துப் பாடினாள். அவன் கால் அடங்கியது.

அன்றிலிருந்து மாதா கோவில் தெரு பூசை நேரத்தில் நேராகத்தான் இருக்கிறது. பூசை முடிந்து ஒன்பதேகாலுக்கு மட்டும் நாலு நிமிடம் துறைமுகப் பக்கமாக ஒரு சாண் சாய்கிறது. எறிந்த செங்கல்லை யாரும் திரும்ப எடுக்கவில்லை. தட்டைக் கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு, பாட்டு முடிந்ததும் சாப்பிடுகிறார்கள்.