இரவல் குப்பை

மைதிலி நெருப்பெரிச்சல் என்ற ஊரில் ஒரு ஏற்றுமதி பனியன் கம்பெனியில் எச்.ஆர். வேலை பார்த்தாள். ஆள் சேர்ப்பது, சண்டை தீர்ப்பது, ஆடிட் வரும் நாளில் முதலுதவிப் பெட்டிக்குள் மருந்து இருக்கும்படி பார்த்துக்கொள்வது, இவைதான் அவள் பொறுப்பு. ஒரு வியாழக்கிழமை முதலாளி பூபாலன் அவளைக் கூப்பிட்டு, நொய்யல் ஆற்றையும் அதில் சேர்த்துவிட்டார்.

"ஞாயித்துக்கெழமை நம்ம சரக்கு வாங்கற பையர் ஆபீஸ்ல இருந்து பிரிசில்லா மேடம் வர்றாங்க அம்முணி. நம்ம வொர்க்கருங்க தன்னார்வமா ஆத்தைச் சுத்தம் பண்றத அவங்க பாக்கோணும். அம்பது பேராச்சும் வேணும்."

"தன்னார்வமா யார் யார் வர்றாங்கன்னு கேட்டுப் பாக்கறனுங்க சார்."

"கேக்கறதெல்லாம் வேண்டாம். வரச் சொல்லிருங்க."

வரச் சொன்னாள். அயர்ன் மாஸ்டர் சோணைமுத்து மட்டும் ஒரு சந்தேகம் கேட்டார். அவர் சிவகங்கைப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர். "வரலைன்னா ஞாயித்துக்கெழமைக்கும் ஆப்சென்ட் போட்ருவீகளா மேடம்?"

மைதிலி யோசித்து நின்றதைப் பார்த்துவிட்டு எல்லோரும் பெயர் கொடுத்துவிட்டார்கள்.

வெள்ளிக்கிழமை பூபாலன் ஆற்றங்கரைக்குப் போய் இடத்தைப் பார்த்தார். கிழிந்த மெத்தை, சாராய பாட்டில், சீக்கு வந்து செத்த கோழிகளை அடைத்த மூட்டை எல்லாம் கிடந்தன. கைக்குட்டையால் மூக்கை மூடிக்கொண்டே காருக்குத் திரும்பினார். இந்த நாற்றத்தில் அந்தம்மா வண்டியை விட்டு இறங்கமாட்டார் என்று தோன்றியது. சனிக்கிழமை ஒரு பொக்லைன் இயந்திரத்தை அனுப்பி, கொஞ்சம் பார்க்கும்படியாகச் செய்யச் சொன்னார். ஓட்டுநர் வேலையில் சுத்தமான மனிதர். கரை முழுவதையும் வழித்து, எல்லாவற்றையும் ஆற்றின் வளைவுக்கு அந்தப் பக்கம் தள்ளிவிட்டுப் போனார்.

ஞாயிறு காலை கம்பெனி பஸ் போய் நின்றது. பச்சை டீ சர்ட், கையுறை, தொப்பியோடு ஐம்பது பேர் இறங்கினார்கள். கரை துடைத்து வைத்த எவர்சில்வர் தட்டு மாதிரி இருந்தது.

"என்னத்த மேடம் பொறுக்க?" என்றார் சோணைமுத்து. "எங்க வீட்டு வாசல்கூட இம்புட்டுச் சுத்தமா இருக்காதே."

மைதிலி பூபாலனுக்குப் போன் செய்தாள். அவர் பிரிசில்லாவோடு காரில் வந்துகொண்டிருந்தார். விஷயத்தைக் கேட்டதும் வண்டியை ஓரங்கட்டச் சொல்லி, இறங்கி நின்று குரலைத் தணித்தார்.

"முழுசாவா வழிச்சுட்டான்? செரி, எங்கிருந்தாச்சும் கொண்டாந்து போடுங்க அம்முணி. நல்ல குப்பையா இருக்கட்டும்."

"நல்ல குப்பைன்னா எப்படீங்க சார்?"

"தண்ணி பாட்டலு, சிப்ஸ் பாக்கெட்டு, அந்த மாதிரி. சின்னக் கொழந்தை தொட்டாலும் பயமில்லாத குப்பை."

மைதிலியும் சோணைமுத்துவும் வளைவைத் தாண்டி ஓடினார்கள். அங்கே மஞ்சள் டீ சர்ட்டில் இன்னொரு கூட்டம் வேலை செய்துகொண்டிருந்தது. 'நொய்யல் காவலர்கள்' என்று ஃப்ளெக்ஸ் கட்டியிருந்தது. நூல் கடை திருமூர்த்திதான் அதற்குத் தலைவர். ஆள் உயரத்துக்குக் குவிந்த மூட்டைகளின் முன்னால் இடுப்பில் கைவைத்து நின்றார். முகத்தில், மகளுக்குக் கல்யாணம் முடித்தவரின் நிறைவு.

"இத்தன வாரமா சுத்தம் பண்றோம், ஒருநாளும் இந்தளவுக்குக் கெடைச்சதில்லீங்க. சாமி குடுத்ததுங்க இது."

"அது சாமி குடுத்ததில்லீங்க. எங்க குப்பைங்க" என்றாள் மைதிலி. "நேத்து பொக்லைன் வெச்சு நாங்கதான் தள்ளினோம்."

"எங்க எல்லைக்குள்ள வந்துட்டா எங்களுதுதானுங்களே. நீங்க தள்ளினீங்க, நாங்க பொறுக்கினோம். அதெப்படித் திருப்பிக் கேப்பீங்க?"

மைதிலி தன் நிலைமையைச் சொன்னாள். பையர், மேடம், ஐம்பது வேலையாட்கள் என்று சொல்லச் சொல்ல அவர் மனம் இளகியது. அவரும் முன்பு பனியன் கம்பெனி நடத்தியவர்தான். பையர் வரும் நாளின் பரபரப்பு அவருக்குத் தெரியும்.

"எடுத்துட்டுப் போங்க. ஆனா எங்க பேனரும் உங்க போட்டோவுல வரோணும். மத்தியானம் பேப்பர்காரர் வர்றாருங்க, அதுக்குள்ள குப்பை கொறையாமத் திரும்பி வந்தரோணும்."

மூட்டைகளைச் சரக்கு ஆட்டோவில் ஏற்றினார்கள். சோணைமுத்து ஒவ்வொன்றையும் பிரித்துப் பார்த்து, கோழி மூட்டையை மட்டும் அங்கேயே விட்டார். இந்தப் பக்கம் வந்ததும் ஐம்பது பேரும் கோலப்புள்ளி வைப்பதுபோலக் கரையெல்லாம் பாட்டில்களைப் பரப்பினார்கள். பேனரைக் கட்டி முடிக்கவும் கார் வரவும் சரியாக இருந்தது.

பிரிசில்லா ஊத்துக்குளியில் பிறந்து வளர்ந்து, இப்போது பெங்களூர் ஆபீசில் இருப்பவர். கையுறை மாட்டிக்கொண்டு குனிந்து ஒரு பாட்டிலை எடுத்தார். சுற்றிலும் பார்த்தார்.

"மண்ணுல பொக்லைன் பல்லுத் தடம் இருக்குது. அதுக்கு மேல பாட்டல் கெடக்குது. எப்படீங்க?"

பூபாலன் ஆற்றைப் பார்த்தார். உண்மையைச் சொல்லிவிடலாம் என்றுகூட மைதிலி நினைத்தாள்.

"பரவால்லீங்க," என்று பிரிசில்லாவே சொன்னார். "எனக்கு மேலயும் ஆளுங்க இருக்காங்க. அவங்களுக்கு மேலயும் இருக்காங்க. எல்லாரும் போட்டோதான் பாப்பாங்க. தடம் தெரியாம எடுங்க."

எடுத்தார்கள். குப்பை மத்தியானத்துக்குள் திருமூர்த்தியிடம் போய்ச் சேர்ந்தது. மறுநாள் செய்தித்தாளில் அதே குப்பை அவர் பெயரில் வந்தது.

புதன்கிழமை பெங்களூரிலிருந்து பாராட்டு வந்தது. இனி மாதாமாதம் இதைத் தொடர வேண்டும் என்று மேலிடம் ஆசைப்படுகிறதாம். மாதாமாதம் இரவல் கேட்கத் திருமூர்த்தியிடம் போய் நிற்பது கௌரவமில்லை என்று பூபாலனுக்குத் தோன்றியது. கம்பெனிக்கென்று சொந்தமாகக் குப்பை வைத்துக்கொள்வதென்று முடிவானது. கேன்டீனில் சேரும் பாட்டில், பாக்கெட் எல்லாவற்றையும் கழுவி உலர்த்தி, பழைய ஜெனரேட்டர் ரூமில் பத்திரப்படுத்தினார்கள். அதற்குச் சோணைமுத்து பொறுப்பு. மைதிலிக்கு 'சஸ்டெயினபிலிட்டி மேனேஜர்' என்று பதவி உயர்வு வந்தது. என்ன வேலையென்று அவளுடைய அம்மா போனில் கேட்டபோது, ஆற்றைப் பார்த்துக்கொள்கிறேன் என்றாள்.

மூன்றாவது மாதம், சுத்தம் செய்யும் நாளுக்கு முந்தின சனிக்கிழமை, ஜெனரேட்டர் ரூம் காலியாகக் கிடந்தது. புதிதாகத் துப்புரவு வேலைக்குச் சேர்ந்த கருத்தம்மா அறை முழுக்கக் குப்பை இருப்பதைப் பார்த்துக் கூட்டி அள்ளிக் குப்பை வண்டியில் ஏற்றிவிட்டிருந்தாள்.

பூபாலன் மைதிலியிடம், "அந்தம்மாவக் கூப்புட்டுக் கண்டிச்சு வையுங்க" என்றார்.

கருத்தம்மா துடைப்பத்தோடு வந்து நின்றாள். "குப்பையத்தான மேடம் அள்ளுனேன்?"

மைதிலியின் எச்.ஆர். படிப்பில் இதற்கொன்றும் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை. "தப்பில்லீங்கக்கா. போய் டீ குடிங்க" என்று அனுப்பிவிட்டாள்.

மறுநாள் பஸ் ஆற்றோரம் வந்தபோது, வழக்கமான இடத்தில் நிறுத்த வேண்டாம், வளைவைத் தாண்டிப் போகலாம் என்று டிரைவரிடம் சொன்னாள். பேப்பரில் படம் வந்ததோடு திருமூர்த்தி கூட்டம் வேறு இடம் தேடிப் போயிருந்தது. மாதக்கணக்கில் சேர்ந்த கழிவு அப்படியே கிடந்தது. முதலில் ஆட்கள் முணுமுணுத்தார்கள். பிறகு சோணைமுத்து வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார். ஊறிப்போன மெத்தையை எட்டுப் பேர் சேர்ந்து இழுக்க, அது திடீரென்று பிய்ந்து எல்லோரும் சேற்றில் உட்கார்ந்தார்கள். கம்பெனிக்கு வந்ததிலிருந்து அவர்கள் ஒன்றாகச் சிரித்து மைதிலி பார்த்தது அன்றுதான். கோழி மூட்டையை அவளே தூக்கினாள். இரண்டு தடவை வாந்தி எடுத்தாள்.

படங்களை அனுப்பினாள். திங்கட்கிழமை பிரிசில்லாவிடமிருந்து பதில் வந்தது. படங்கள் மிகவும் அசிங்கமாக இருக்கின்றன, மேலே அனுப்ப முடியாது, போன மாதத்துப் படங்கள் இருந்தால் அனுப்புங்கள்.

"அதையே அனுப்பிருங்க அம்முணி" என்றார் பூபாலன். "அடுத்த மாசம் வழக்கம்போல வளைவுக்கு இந்தப்பக்கமே பண்ணிக்கலாம்."

"சரிங்க சார்" என்றாள் மைதிலி. பழைய படங்களை அனுப்பிவிட்டுக் கீழே இறங்கி வந்தாள். அயர்ன் டேபிளில் சோணைமுத்து இருந்தார்.

"அடுத்த ஞாயித்துக்கெழமையும் அந்த வளைவுக்குத்தான் போறேங்கண்ணா. பஸ் கெடையாது, போட்டோ கெடையாது. வரணும்னு கட்டாயமும் இல்ல."

சோணைமுத்து இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார். "டீ உண்டுல்ல?" என்று கேட்டார்.